பொப்பும் மெட்டலும் ஒரே மேடையில்: தனியே போய் வந்தவளின் அனுபவம்

பொப் இசையின் இனிய மெட்டையும் கித்தாரும் டிரம்ஸும் பெருஞ்சத்தத்தில் அறையும் மெட்டல் இசையின் அதிரடியையும் ஒரே பாடலுக்குள் வைத்துத் தரும் குழுக்களின் மேடை நிகழ்ச்சிக்கு முதன்முறையாகப் போகிறவர்கள், பெரும்பாலும் அந்தக் கலவையின் இனிய பாதியை நம்பியே நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். மற்றப் பாதி என்ன செய்யும் என்பதை அங்கே போய்த்தான் அறிந்துகொள்கிறார்கள். நான் ஹட்டனிலிருந்து கொழும்புக்குத் தனியே சென்று, மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்டு, காதில் ஓயாத இரைச்சலோடு புறக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் விடியற்காலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பினேன். போவதற்கு முன் யாராவது அரை மணி நேரம் என்னோடு இருந்து விளக்கிச் சொல்லியிருந்தால் இவற்றில் முக்கால்வாசியைத் தவிர்த்திருக்கலாம். மலையகத்திலிருந்து இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் போக ஆசைப்படும் மற்றொருவருக்கு, குறிப்பாகத் தனியே போக நினைக்கும் பெண்களுக்கு, அந்த அரை மணி நேரப் பேச்சாக இது இருக்கட்டும்.

இந்த இசை எனக்குப் புதியதன்று. நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பேபிமெட்டல் என்ற ஜப்பானியக் குழுவின் காணொளிகள் கைத்தொலைபேசி வழியாகத் தோட்டத்து லயன்கள் வரை வந்து சேர்ந்தன. 2010இல் தொடங்கிய அந்தக் குழுவில் சிறுமிகள் மூவர் நடனமாடிக்கொண்டே பாட, பின்னால் வெள்ளை உடையில் கைதேர்ந்த மெட்டல் கலைஞர்கள் வாசிப்பார்கள். 2016இல் இலண்டன் வெம்ப்ளி அரங்கிலும், அதே ஆண்டில் டோக்கியோ டோமில் இரண்டு இரவுகளும் அவர்கள் பாடியபோது, இது விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள். பிறகு டெல்லியிலிருந்து பிளட்டிவுட் வந்தது; டோல் மேளமும் புல்லாங்குழலும் மெட்டல் கித்தாரோடு சேர்ந்து ஒலிப்பதைக் கேட்டபோது, நமது தப்பு மேளத்தையும் ஒருநாள் யாராவது இப்படி மேடையேற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆக, பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய இசை என்ற துணிவு எனக்கு இருந்தது. ஆனால் கேட்ட இடமெல்லாம் என் அறையும், காதுக்கருவியும், பேருந்தின் சன்னலோர இருக்கையும்தான். காணொளியில் கூட்டத்தை உயரத்திலிருந்து காட்டுவார்கள். ஆயிரம் பேர் ஒரே அலையாக அசைவது அழகாகவே தெரியும். அந்த அலைக்குள் நிற்பவரின் விலா எலும்பில் என்ன படுகிறது என்பதைப் படக்கருவி காட்டாது.

கொழும்பில் நடந்த அந்த நிகழ்ச்சியில் உள்ளூர்க் குழுக்கள் சில அடுத்தடுத்து வாசித்தன. முதன்மையாக வந்த குழுவில் ஒரு பாடகி பொப் மெட்டில் பாட, பின்னால் இரண்டு கித்தார்களும் ஒரு பேஸ் கித்தாரும் டிரம்ஸும் முழு மெட்டலாக ஒலிக்க, இடையிடையே பைலாத் தாளமும் வந்துபோகும் என்று விளம்பரத்திலேயே சொல்லியிருந்தார்கள். நுழைவுச்சீட்டு இரண்டு விலையில் இருந்தது: மேடைக்கு நேர் எதிரே நிற்கும் பகுதிக்கு 9,000 ரூபா, பின்னால் நிற்கும் பகுதிக்கு 5,000 ரூபா. இவ்வளவு தூரம் போவதென்றால் முகம் தெரியும் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று 9,000 கொடுத்தேன். இங்கேயே முதல் விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாடகத்திலும் கர்நாடகக் கச்சேரியிலும் முன்வரிசை மதிப்பான இடம். இந்த வகை நிகழ்ச்சியில் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் முன்பகுதிதான் அதிகமாக இடிபடும் இடம். பாட்டின் வேகத்தில் ஒருவரையொருவர் இடித்து ஆடும் மோதலுக்கென்றே வருகிறவர்கள் அங்கேதான் கூடுவார்கள். இசையைத் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் ஒலிப்பொறியாளர் உட்கார்ந்திருக்கும் சவுண்ட் மேசைக்கு அருகில் நிற்பதே நல்லது. அவர் தமது காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் கலந்து வைக்கிறார். அந்த இடம் பெரும்பாலும் மலிவான பகுதியிலேயே இருக்கும். மேடைக்கு முன்னால் நின்ற எனக்குப் பாடகியின் குரலை விட டிரம்ஸும் கித்தார்ப் பெட்டிகளுமே கேட்டன.

சீட்டில் மாலை 4 மணி என்று அச்சிட்டிருந்தார்கள். அது கதவு திறக்கும் நேரம். முதன்மைக் குழு மேடையேறியபோது இரவு ஒன்பதரையைத் தாண்டிவிட்டது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இத்தகைய நிகழ்ச்சிகளின் இயல்பே அதுதான். ஒவ்வொரு தொடக்கக் குழுவும் முப்பது நாற்பது நிமிடம் வாசிக்கும். ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும்போது டிரம்ஸை மாற்றி வைத்து, கம்பிகளை இணைத்து, ஒலியைச் சரிபார்க்க மேலும் இருபது முப்பது நிமிடம் போகும். விளம்பரத்தில் எத்தனை குழுக்களின் பெயர் இருக்கின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் முதன்மைக் குழு வரும் நேரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஏற்பாட்டாளர்களிடம் தொலைபேசியில் நிகழ்ச்சி வரிசையைக் கேட்டாலும் சொல்வார்கள். கதவு திறக்குமுன்பே போய் வெயிலில் வரிசையில் நின்ற எனக்கு, நான் கேட்க வந்த முதல் பாட்டு தொடங்குவதற்குள் கால் இரண்டும் மரத்துவிட்டன.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிகாலையில் ஹட்டனில் பேருந்து ஏறும்போது குளிருக்காக ஜேர்சியும் முழுக்காற்சட்டையும் அணிந்திருந்தேன். பயணப்பையில் மாற்று உடுப்பும் இருந்தது. கித்துல்கலை தாண்டும்போதே ஜேர்சியைக் கழற்ற வேண்டியதாயிற்று. கொழும்பின் புழுக்கம் நம் ஊர்க்காரருக்குச் சாதாரண நாளிலேயே தாங்காது. கூரையிட்ட மண்டபத்துக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் துள்ளும்போது அங்கே மூச்சுவிடுவதே தனி வேலையாகிவிடும். போதாததற்கு, வாசலில் பயணப்பையை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். பை வைப்பதற்கு அங்கே இடமும் இல்லை. எதிரே இருந்த கடைக்காரரிடம் கெஞ்சி, 500 ரூபா கொடுத்து வைத்துவிட்டு வந்தேன். கடையைப் பத்து மணிக்கு மூடிவிடுவார் என்பது அப்போது பேச்சில் வரவில்லை. கையில் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தலையும் வாசலிலேயே வாங்கிப் போட்டுவிட்டார்கள். உள்ளே தண்ணீர் வெளி விலையைவிடப் பல மடங்கு. எனவே தூரத்திலிருந்து போகிறவர்கள் பையைத் தங்குமிடத்திலோ உறவினர் வீட்டிலோ வைத்துவிட்டு, சட்டைப்பைக்குள் அடங்கும் பொருட்களோடு மட்டும் போக வேண்டும்: அடையாள அட்டை, கொஞ்சம் சில்லறை, தொலைபேசி, வீடு திரும்பும் காசைத் தனியாக மடித்து வைக்க ஒரு சிறு பை. மெல்லிய பருத்திச் சட்டையும், கணுக்காலைப் பிடிக்கும் கயிறு கட்டும் சப்பாத்தும் போதும். செருப்போடு வந்த ஒரு பெண் முதல் குழு முடிவதற்குள் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன். தொடக்கக் குழுக்களில் இரண்டு முழு மெட்டல் குழுக்கள். அவற்றின்போது கூட்டம் தெளிவாக இரண்டாகப் பிரிந்து நின்றது. கறுப்புச் சட்டைக்காரர்கள் நடுவே மோதிக்கொண்டார்கள். என்னைப் போன்றவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம். யார் எதற்கு வந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அங்கே ஆபத்து இருக்கவில்லை. ஆபத்து வந்தது கலவைக் குழு மேடையேறிய பிறகுதான். முதல் பாடல் கைதட்டிக்கொண்டே சேர்ந்து பாடக்கூடிய இனிய பாடல். ஓரமாக நின்றவர்கள் எல்லோரும் முன்னால் போனோம். இரண்டாவதில் பைலாத் தாளம் வந்ததும் திருமண வீட்டுக் கூட்டத்தைப் போலக் கையைத் தூக்கி ஆடத் தொடங்கினோம். அப்பாவோடு வந்த சிறுவன் ஒருவன் கூட எனக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தான். மூன்றாவது பாடலில் மெட்டு உயர்ந்து, பாடகி ஒரு நீண்ட குரலில் நிறுத்த, டிரம்ஸ் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கியது. இரண்டு கித்தார்களும் ஒரே அடியாக விட்டுவிட்டு அறைந்தன. இதைத்தான் பிரேக்டவுன் என்கிறார்கள். வேகம் குறைந்ததால் பாட்டு அமைதியாகப் போகிறது என்று புதியவருக்குத் தோன்றும். பழகியவருக்கு அது மோதலுக்கான அழைப்பு. அந்த நொடியில் எனக்கு முன்னால் இருந்த கூட்டம் விலகி, அகலமான வெற்றிடம் ஒன்று உண்டாயிற்று. சிறுவனின் தந்தை அவனைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடினார், அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

முதுகில் ஒரு தோள் இடித்தது, பக்கத்திலிருந்து இன்னொன்று. கண்ணாடி பறந்தது. முழங்கால் தரையில் பட்டது. விழுந்தவளுக்கு மேலே கால்கள் மட்டுமே தெரிந்த அந்தச் சில நொடிகளில், நாளை என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க யார் போவார்கள் என்பதுதான் என் மனதில் வந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் கைகள் வந்து அக்குளில் பிடித்து என்னைத் தூக்கி நிறுத்தின. என்னை இடித்தவனே தூக்கியவர்களில் ஒருவனாக இருந்தான். “எழும்புங்க அக்கா, எழும்புங்க! கண்ணாடி போட்டிருந்தீங்களா?” என்று தமிழில் கேட்டான். சுற்றி நின்றவர்கள் கைகளைக் கோத்து வட்டம் போட, அவன் குனிந்து தேடி எடுத்துத் தந்தான். ஒரு வில்லை இல்லை, மற்றது கீறியிருந்தது. “முன்னுக்கு நிக்காதீங்க. அந்தா, சவுண்ட் மேசைக்குப் பக்கத்தில போய் நில்லுங்க” என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே பாய்ந்துவிட்டான். எனக்குக் கோபமும் வந்தது, நன்றியும் வந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் அழுதுகொண்டே பின்னால் போனேன்.

அந்த மோதல் வட்டத்துக்கு ஒழுங்கு உண்டு என்பதைப் பின்னால் நின்று பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். விழுந்தவரை உடனே தூக்க வேண்டும். முழங்கையை உயர்த்தக் கூடாது. ஓரத்தில் நிற்பவரை இழுத்து உள்ளே போடக் கூடாது. யாரேனும் கையை உயர்த்திப் பொருளொன்றைக் காட்டினால் அது கீழே கண்டெடுத்தது என்று பொருள். மெட்டல் கூட்டத்தில் வளர்ந்தவர்கள் இதையெல்லாம் கடைப்பிடிக்கிறார்கள். கலவை நிகழ்ச்சியின் சிக்கல் என்னவென்றால், கூட்டத்தில் பாதிப் பேர் இந்த ஒழுங்கை அறியாத பொப் இரசிகர்கள். அவர்களில் சிலர் உற்சாகத்தில் உள்ளே குதித்து, யாரைத் தள்ளலாம் யாரைத் தள்ளக் கூடாது என்று தெரியாமல் தள்ளுகிறார்கள். மற்றவர்கள் என்னைப் போல வட்டத்தின் விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முழு மெட்டல் நிகழ்ச்சியைவிடக் கலவை நிகழ்ச்சி புதியவருக்கு அதிகம் அடிதரக்கூடியது என்று நான் சொல்வது இதனால்தான். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய கூட்டங்களின் காணொளிகளை அளந்து 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மோதிக்கொள்பவர்களின் அசைவு வாயுவின் மூலக்கூறுகள் அலைவதை ஒத்திருக்கிறதாம். அடுத்து யார் எந்தப் பக்கமிருந்து வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே அதில் நமக்கான செய்தி. எல்லோரும் ஒரே திசையில் வட்டமாக ஓடும் மற்றொரு வகையும் உண்டு. அது பெரும்பாலும் இடச்சுற்றாகவே ஓடுகிறது என்பதையும் அதே ஆய்வு குறித்திருக்கிறது. கோயிலை வலம் வந்து பழகிய எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. முன்னால் திடீரென்று வெற்றிடம் திறந்தால், அது நமக்காகத் திறந்த இடமன்று. மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வெற்றிடத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, குறைந்தது ஐந்தாறு வரிசை பின்னால் போக வேண்டும். கூட்டம் நடுவே பிளந்து இரண்டு சுவர்களாக எதிரெதிரே நின்றால் அங்கே ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது; பாடகர் சைகை காட்டியதும் இரண்டு பக்கமும் ஓடிவந்து மோதப் போகிறார்கள். நெரிசலில் சிக்கினால் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் மடித்து, மூச்சுவிட இடம் வைத்துக்கொள்ள வேண்டும். தள்ளும் திசைக்கு எதிராக முட்டாமல், தள்ளல் தளரும் இடைவெளிகளில் குறுக்குவாட்டாக ஓரத்தை நோக்கி நகர வேண்டும். கண்ணாடி அணிகிறவர்கள் விளையாட்டு வீரர்கள் போடும் இழுவைப் பட்டியை வாங்கிக் கட்டிக்கொள்வது நல்லது. நான் புதிய கண்ணாடிக்குக் கொடுத்த விலை 22,000 ரூபா. நுழைவுச்சீட்டின் விலையில் இரண்டு மடங்குக்கும் மேல்.

கையை உயர்த்திச் சுட்டுவிரலையும் சின்ன விரலையும் நீட்டும் சைகையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நான் கற்பிக்கும் பாடசாலையில் ஒருவர் அதைச் சாத்தானின் அடையாளம் என்று சொல்லி என்னைத் தடுக்கப் பார்த்தார். அதை மெட்டல் உலகில் பரப்பிய ரொனி ஜேம்ஸ் டியோ, இத்தாலிய வம்சத்தவரான தமது பாட்டி கண்ணூறு படாமலிருக்கக் காட்டுவதைப் பார்த்தே பழகியதாகச் சொல்லியிருக்கிறார். நம் வீட்டில் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவதற்குப் பக்கத்து உறவு அது. பேபிமெட்டல் இரசிகர்கள் அதையே கொஞ்சம் மாற்றி, நடுவிரல்களையும் கட்டைவிரலையும் சேர்த்து நரி முகமாகக் காட்டுவார்கள். கொழும்பிலும் சிலர் அதைக் காட்டினார்கள். அந்த ஒரு கணம் எனக்கு ஊர்க்காரரைக் கண்டது போல இருந்தது.

காதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்கலாம். என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் பகுதியில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். இன்று அவரோடு பேச வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே நின்று பேச வேண்டும். இரைச்சல் காதை என்ன செய்யும் என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தும், பாட்டையும் இயந்திரத்தையும் நான் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்ததில்லை. காதுக்கு அந்த வேறுபாடு தெரியாது. 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்குப் பதினைந்து நிமிடம்தான் அனுமதி. மெட்டல் மேடைக்கு முன்னால் அந்த அளவு எளிதில் தாண்டப்படும். நானோ மாலை முழுவதும் நின்றேன். இசை அரங்குகள் காதடைப்பானை வந்தவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. நான் போன இடத்தில் அப்படி எதுவும் இருக்கவில்லை. எனவே நாமே கொண்டுபோக வேண்டும். ஹட்டனில் மருந்துக் கடைகளில் கேட்டால் இல்லை என்பார்கள். வன்பொருள் கடைகளில், தொழிற்சாலை ஆட்கள் வாங்கும் பஞ்சு போன்ற நுரை அடைப்பான் சோடி ஒன்று ஒரு பிளேன்டீயின் விலைக்குக் கிடைக்கிறது. அதை விரல்களால் மெல்லிய திரியாக உருட்டி, எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெறும் பஞ்சைத் திணிப்பதால் பயனில்லை. நுரை அடைப்பான் உச்ச ஒலிகளை அதிகமாக விழுங்கும் என்பதால் பாட்டு சற்று மந்தமாகக் கேட்கும்; எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் குறைக்கும் இசைக்கான அடைப்பான்களும் இணையத்தில் கிடைக்கின்றன, விலைதான் ஆயிரங்களில்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது மணி பதினொன்று. ஊரெல்லாம் கம்பளிக்குள் சுற்றி வைத்தது போலத் தூரத்தில் கேட்டது. உள்ளே ஒரு விசில் நிற்காமல் ஊதிக்கொண்டிருந்தது. பை வைத்த கடை பூட்டிக் கிடந்தது. பதுளைக்குப் போகும் இரவுப் புகையிரதம், நான் கேட்க வந்த குழு மேடையேறுமுன்பே கோட்டை நிலையத்தை விட்டுப் போயிருந்தது. மலைநாட்டிலிருந்து போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் மின்சாரம் இல்லாததால் செயலி மூலம் ஓட்டோ அழைக்கவும் வழியில்லை. நுழைவுச்சீட்டும் அதிலேயே இருந்தபடியால் வாசலில் காத்திருந்த நேரமெல்லாம் திரையை எரியவிட்டு வைத்திருந்தேன். சீட்டை ஒரு தாளில் அச்சிட்டுக்கொண்டு, கைக்கடக்கமான மின்சேமிப்பான் ஒன்றையும் வைத்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை. வாசலில் நின்ற ஓட்டோக்காரர் ஒருவர் புறக்கோட்டைக்கு 2,500 ரூபா கேட்டார். பேரம் பேச அவர் சொல்வதே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, கொடுத்தேன். பேருந்து நிலையத்தில் ஹட்டன் பேருந்து புறப்படும் வரை, பொலிஸ் காவல் நிற்கும் பக்கமாகப் பார்த்து, பிள்ளையோடு இருந்த ஒரு குடும்பத்துக்கு அருகில் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. கண்ணாடியும் இல்லை, காதும் சரியாகக் கேட்கவில்லை. யாராவது பின்னால் வந்தாலும் தெரியாது என்ற எண்ணம் அந்த இரவு முழுவதும் என்னை விடவில்லை. நிகழ்ச்சியில் பட்ட அடியைவிட அந்த எண்ணமே என்னை அதிகமாக வாட்டியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் முழங்காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். “காசையும் குடுத்துட்டு காதையும் குடுத்துட்டு வந்திருக்கியே புள்ள” என்றார். வகுப்பில் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் எனக்கு அரைகுறையாகவே விழுந்தன. பின்வரிசைக்காரர்கள் அதைக் கண்டுபிடித்து நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். சத்தத்துக்குப் பிறகு வரும் இந்த இரைச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகத் தணியும். அதற்குள் மீண்டும் காதுக்கருவி மாட்டக் கூடாது, குச்சி போட்டுக் குடையக் கூடாது, எண்ணெய் ஊற்றக் கூடாது. இரண்டு நாள் கழிந்தும் ஒரு காது கேட்காமல் இருந்தாலோ, இரைச்சல் குறையாமல் இருந்தாலோ காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். சிலவகைக் கேட்டல் இழப்புக்கு முதல் சில நாட்களில் தரும் மருந்தே பலன் தரும் என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். எனக்குத் தணிந்துவிட்டது. கழுத்துவலிதான் வாரக் கடைசி வரை இருந்தது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பது பற்றி 2008இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்: நிமிடத்துக்கு 146 அடி என்ற சராசரி வேகப் பாட்டுக்கே, தலை 75 பாகைக்கு மேல் ஆடினால் இலேசான தலைக்காயத்துக்கு இடமுண்டாம். கழுத்தைச் சின்னதாக ஆட்டுங்கள், அல்லது ஒன்றுவிட்ட ஒரு அடிக்கு ஆட்டுங்கள் என்பதே அவர்களது அறிவுரை. கொஞ்சம் கேலியாக எழுதப்பட்டிருந்தாலும் கணக்கு உண்மையானது.

இத்தனைக்கும் பிறகு அந்த இசை பிடிக்கவில்லையா என்று கேட்டால், சவுண்ட் மேசைக்கு அருகில் போய் நின்ற பிறகு கேட்ட பாடல்கள்தான் அன்று நான் கொடுத்த காசுக்குரியவை. டிரம்ஸின் இரட்டை மிதி நெஞ்சுக்கூட்டுக்குள் உருள, அதற்கு மேலே அந்தப் பெண்ணின் குரல் சிறிதும் நடுங்காமல் ஏறியபோது, கண்ணாடி இல்லாமல் மங்கலாகத் தெரிந்த மேடையைப் பார்த்துக்கொண்டே நானும் பாடினேன். காதுக்கருவியில் எவ்வளவு கேட்டாலும் அது கிடைக்காது. ஆகவே பிறகொரு சமயம் சிறிய நிகழ்ச்சி ஒன்றுக்கு மறுபடியும் போனேன்: மலிவான சீட்டு, காதில் அடைப்பான், கண்ணாடியில் பட்டி, சட்டைப்பையில் அச்சிட்ட சீட்டு, தங்குவதற்கு வத்தளையில் பெரியம்மா வீடு. ஒரு கீறலும் இல்லாமல் திரும்பினேன். உறவினர் வீட்டில் தங்கப் போகிறவர்கள் மட்டும், நிகழ்ச்சி முடியும் நேரத்தை ஒன்றரை மணி நேரம் கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. நான் பத்தரை என்று சொல்லியிருந்தேன். பெரியம்மா பத்து மணியிலிருந்தே தொலைபேசி எடுக்கத் தொடங்கிவிட்டார், காதில் அடைப்பான் இருந்ததால் ஒரு அழைப்பும் எனக்குக் கேட்கவில்லை, வீட்டுக்குப் போனபோது பெரியப்பா என்னைத் தேடி வருவதற்காக முச்சக்கர வண்டியை வெளியே எடுத்துவிட்டார்.